குறை சொல்லாத சான்று செல்லாது

அத்தியாயம் 4

சனிக்கிழமை காலை பத்தரை மணி. கீழ்த்தளத்தில் பல் மருத்துவர் யாருடைய கடைவாய்ப் பல்லையோ துளைத்துக்கொண்டிருந்தார். மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில், குடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க சார். பல்லைப் பிடுங்கறது கீழே. இங்க உண்மையை மட்டும்தான் பிடுங்குவோம்" என்றான் உதவியாளன்.

"மாப்பிள்ளை" என்றாள் துப்பறிவாளரான அத்தை.

அவ்வளவுதான் சொன்னாள். உட்காருங்கள், வாயை மூடுங்கள், நோட்டை எடுங்கள் என்ற மூன்று உத்தரவும் அந்த ஒரு சொல்லுக்குள் மரியாதையோடு அடங்கியிருந்தன. அவன் உட்கார்ந்தான், நோட்டை எடுத்தான். மூன்றில் இரண்டு தேறியது.

மாமியாரிடம் வேலைக்குச் சேர்ந்த மாப்பிள்ளைகள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. இவன் இருந்த கம்பெனி ஒரே மின்னஞ்சலில் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, "வீட்ல உட்கார்ந்து உப்பு டப்பா ஏன் இடம் மாறுச்சுன்னு என்னை விசாரிக்கறதுக்கு, எங்கம்மாகிட்டப் போய் ஊரை விசாரிங்க" என்று அனுப்பிவைத்தாள். அத்தை இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவள். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை மூன்றாவது வரியிலேயே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும் அந்தத் திறமையை வீணாக்க மனம் வராமல் கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் குடைக்காரரிடம்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வேலைக்கு முன்னும் பின்னும் குடை பழுதுபார்ப்பார், காசு வாங்காமல்.

"இணையத்துல பழுது நண்பர்கள்னு ஒரு குழு இருக்குங்க. நானூறு பேர். மிக்ஸி, நாற்காலி, கடிகாரம், குடைன்னு ஆளுக்கு ஒண்ணு சரி பண்ணித் தருவோம். காசு கிடையாது. அதுக்குப் பதிலா நம்ம பக்கத்துல நமக்கு நற்சான்று எழுதுவாங்க. சரி பண்ணிக்கிட்டவங்களும் எழுதலாம், பண்ணினதைப் பார்த்தவங்களும் எழுதலாம். ஊரே படிக்கும்."

"பத்து நற்சான்று வந்தா என்ன ஆகும்?"

"கைராசிக்காரர்னு பட்டம். சனிக்கிழமை நூலகக் கூடத்துல கூடுவோம் இல்லையா, அங்க நமக்குன்னு ஒரு மேசை கிடைக்கும். மொத்தமே ஆறு மேசைதான். நான் மூணு வருஷமா ஜன்னல் ஓரமா தரையில உட்கார்ந்துதான் பண்ணிட்டிருந்தேன். போன மாசம்தான் மேசை கிடைச்சது."

அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. அடுத்ததைச் சொல்லும்போது மறுபடி வளைந்தது.

"எனக்கு வந்தது பதினொரு சான்று. பதினொண்ணையும் எழுதினது ஒரே ஆள். 'மழைக்காலம்'னு பேர் போட்டிருக்கு. அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. படம் கிடையாது. வேற யாருக்கும் ஒரு வரி எழுதினதில்லை. நாற்காலி பழுதுபார்க்கறவர் ஒருத்தர் இருக்கார், அவர் புகார் கொடுத்துட்டார். நானே பொய்ப் பேர்ல புகுந்து என்னையே புகழ்ந்துக்கிட்டேனாம்."

"யார்கிட்டப் புகார்?"

"நிர்வாகிகிட்ட. நூலகர்தான் எங்க நிர்வாகி. ரொம்பக் கண்டிப்பு. இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள மழைக்காலம் யாருன்னு ஆளைக் காட்டணும். இல்லைன்னா கை தூக்கச் சொல்லி என்னை நீக்கிடுவாங்க." கீழிருந்து துளைப்பான் வீறிட்டது. இந்த முறை அவர் கன்னத்தைப் பிடிக்கவில்லை. "அந்தக் குழுவை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை காலையிலேயே அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பிச்சிடுவேன்."

மாப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு நகைச்சுவை இருந்தது. விழுங்கிவிட்டான்.

அத்தை அவர் போனை வாங்கி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "ஒவ்வொரு சான்றுக்கும் கடைசியில குறைன்னு ஒரு வரி இருக்கே?"

"அது குழுவோட விதிங்க. குறை சொல்லாத சான்று செல்லாது. வெறும் புகழ்ச்சியா எழுதித் தள்ளிடக் கூடாதுன்னு நிர்வாகி கொண்டு வந்தது. உண்மையான குறை ஒண்ணாவது இருக்கணும்."

"மாப்பிள்ளை, பாராட்டையெல்லாம் விட்டுடுங்க. குறையை மட்டும் படிங்க."

அவன் செய்தி வாசிப்பவனைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒண்ணு. வேலை செய்யும்போது ஒரே பாட்டின் முதல் அடியை மட்டும் முணுமுணுப்பார். இரண்டாவது அடிக்குப் போவதே இல்லை."

குடைக்காரர் காது சிவந்தது. "ரெண்டாவது அடி எனக்குத் தெரியாதுங்க."

"ரெண்டு. வெட்டிய துணித் துண்டுகளை ஜன்னல் வழியே உதறுவார். கீழே ஆள் நிற்கிறார்களா என்று பார்க்க மாட்டார். மூணு. காலை ஏழு மணிக்கு முன்பே கம்பியைச் சுத்தியலால் தட்டுவார். நாலு. அழைப்பு மணியை மூன்று முறை அடித்தால்தான் கதவைத் திறப்பார். அஞ்சு. ஊர் குடையெல்லாம் சரிசெய்பவர் தன் குடையை மறந்துவிட்டு நனைந்தபடி வருவார். அவர் நிற்கும் இடத்தில் தரையெல்லாம் ஈரம்." மீதி ஆறும் இதே ரகம்தான். அவன் போனைத் தாழ்த்தினான். "சார், இது நற்சான்றா, வீட்டுக்காரர் அனுப்பின நோட்டீஸா?"

"எல்லாம் உண்மைதாங்க" என்றார் குடைக்காரர், பரிதாபமாக.

"அப்போ இதை எழுதினது நீங்க இல்லை" என்றாள் அத்தை.

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"தன் முதுகு தனக்குத் தெரியாது மாப்பிள்ளை. இதெல்லாம் இவரோட முதுகு. பாராட்டை யார் வேணா கற்பனையா எழுதிடலாம். குறையைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்கதான் எழுத முடியும். சரி, நீங்களே உங்களுக்கு ஒரு சான்று எழுதினா என்ன குறை போடுவீங்க?"

மாப்பிள்ளை யோசித்தான். "அளவுக்கு மீறி உழைக்கிறேன்."

"பார்த்தீங்களா?" என்றாள் அத்தை குடைக்காரரிடம். "தன்னைப் பத்தி எழுதறவன் குறையிலயும் ஒரு மாலையைப் போட்டுக்குவான்."

குடைக்காரர் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அத்தை எழுந்து கைப்பையை எடுத்தாள். "ஆனா இதை நாலு மணிக்குச் சொன்னா நானூறு பேரும் ஒத்துக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஆள் வேணும். உங்க ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கு?"

"சலவைக்கடை."

"கிளம்புங்க மாப்பிள்ளை."

*

சலவைக்கடையில் நீராவி முகத்தில் அறைந்தது. சலவைக்கடை அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை, அது ஏதோ பதில் சொல்ல வேண்டியதைப் போல அழுத்திக்கொண்டிருந்தார். கடைக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு ஒன்று குடைக்காரர் வீட்டுக்கு ஏறியது. அவருடைய ஜன்னல் கடை வாசலுக்கு நேர் மேலே இருந்தது.

"மேல் வீட்டுக்காரரைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றாள் அத்தை.

இஸ்திரிப் பெட்டி டக்கென்று நிமிர்ந்து நின்றது. "போலீஸா?"

"இல்லை. துப்பறியறவங்க."

"யாரா இருந்தா என்ன, உட்காருங்க!" அந்த அம்மா மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். உள்ளே கறுப்புத் துணித் துண்டுகள், பூப்போட்டவை, கோடு போட்டவை, ஒரு கைப்பிடி மூடி. "பதினாலு மாசத்துச் சேகரிப்பு. எல்லாம் என் தலையில விழுந்தது. வெள்ளைச் சட்டையை வாசல்ல உதறினா மேலேர்ந்து கறுப்பு மழை பெய்யுது. காலையில ஆறரைக்கு டங்கு டங்குன்னு தட்டறார். அப்புறம் அந்தப் பாட்டு! ஒரே அடி. முழுப் பாட்டைப் பாடிட்டா நானும் மறந்துடுவேன். பாதியில விட்டுட்டா ராத்திரி பூரா என் வாய்ல ஓடுது."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். முதல் குறை, இரண்டாவது குறை, மூன்றாவது குறை, மூன்றும் வாக்குமூலமாகவே வந்துவிட்டன. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய வழக்கறிஞரைப் போலக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்கு மழைக்காலம் பிடிக்குமாம்மா?"

"பிடிக்குமா? சலவைக்கடைக்காரிகிட்டக் கேட்கற கேள்வியா இது? மழைக்காலத்துல ஒரு துணி காயாது."

"இணையத்துல எதாவது எழுதுவீங்களா?"

"ரசீது எழுதவே கை வலிக்குது எனக்கு. அதுவும் அந்த மனுஷனைப் பத்தி நான் எழுதினா, குறையா எழுதிட்டே போவேன். பாராட்டுக்கு எங்க போறது?"

மாப்பிள்ளையின் வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"மழையில நனைஞ்சு வந்தா தரையை ஈரம் பண்ணுவாரா?" என்று கேட்டாள் அத்தை.

"எந்தத் தரையை? அவர் படி வெளியில இருக்கு. இரும்புப் படி. அது எப்பவும் ஈரம்தான். என் கடைக்குள்ள அவர் வந்ததே இல்லை. வரட்டும் ஒரு நாள், அப்புறம் இருக்கு."

"அப்போ அந்த ஒரு குறை மட்டும் உங்களோடது இல்லை" என்றாள் அத்தை மெதுவாக. "சரி, இவ்வளவையும் யார்கிட்டச் சொல்லிப் புலம்புவீங்க?"

"வர்றவங்க எல்லார்கிட்டயும்தான். யார் கேட்கறாங்க? துணியை வாங்கினோமா, ஓடினோமான்னு இருக்காங்க. ஒருத்தங்கதான் பொறுமையா உட்கார்ந்து கேட்பாங்க. இதோ இந்த வாசல் பெஞ்சிலதான். நான் திட்டத் திட்ட அவங்க சிரிப்பாங்க. மேல யாராவது வந்து மணி அடிச்சா எத்தனை தடவை அடிக்கறாங்கன்னு எண்ணுவாங்க. 'மூணு தடவை அடிச்சாதான் திறப்பார் போல'ன்னு ஒரு நாள் சொன்னாங்க. சொல்லிட்டு அதுக்கும் சிரிப்பு."

"என்ன துணி கொண்டு வருவாங்க?"

சலவைக்கடை அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தபடியே நின்றார். "அதைத்தான் நானும் யோசிக்கறேன். ஒரே சாம்பல் கலர்ச் சட்டை. வாரத்துக்கு ரெண்டு தடவை. செவ்வாய் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு. வரும்போதே மடிப்புக் கலையாம இருக்கும். நான் போட்ட மடிப்பையே நான் மறுபடியும் போட்டுக் கொடுத்துட்டிருக்கேன் ஒரு வருஷமா."

மாப்பிள்ளை தன் போனில் குடைக்காரரின் பக்கத்தைத் திறந்தான். பதினொரு சான்றுகளுக்கும் மேலே தேதி இருந்தது. நாட்காட்டியோடு ஒப்பிட்டான். செவ்வாய், வெள்ளி, வெள்ளி, செவ்வாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவன் முகத்தில் இருந்த கேலி கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்தது.

"அத்தை, பதினொண்ணும் செவ்வாய், வெள்ளிதான்."

"அவங்க பேர் என்னம்மா?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? எங்க வேலை பார்க்கறாங்களோ அதைத்தான் நான் ரசீதுல எழுதுவேன்." அவர் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கத்தில் பேக்கரி, பள்ளிக்கூடம், பல் டாக்டர் என்று இருந்தது. அதற்குக் கீழே, சாம்பல் சட்டை ஒன்று என்பதற்கு நேராக, ஒரே ஒரு சொல். நூலகம்.

மாப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். மறுபடி புத்தகத்தைப் பார்த்தான்.

"நூலகர்தானே நிர்வாகி? புகாரை வாங்கிட்டு இன்னிக்குக் கூட்டம் போட்டிருக்கறதே அவங்கதானே? வேலியே பயிரை மேஞ்சிருக்கே அத்தை!"

"மேயலை மாப்பிள்ளை" என்றாள் அத்தை. "தண்ணி ஊத்தியிருக்கு."

*

மூன்றேகால் மணிக்கு நூலகத்தில் நுழைந்தார்கள். கூடத்தின் தரை மெழுகு போட்டுப் பளபளவென்று இருந்தது. யார் நனைந்து வந்து நின்றாலும் காட்டிக்கொடுக்கும் தரை. உள்ளே ஆறு மேசைகளைத் தள்ளிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்காரர் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, ஆடாதவற்றை மட்டும் முன்வரிசைக்கு அனுப்பினார்.

நூலகர் கவுண்டரில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது, இறுக்கிக் கட்டிய கொண்டை, சாம்பல் நிறச் சட்டை. அந்தச் சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம்.

"இஸ்திரி பிரமாதம்" என்றான் மாப்பிள்ளை.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

அத்தை கவுண்டரின் மேல் கைப்பையை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "சட்டை கசங்கலை. ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை இஸ்திரிக்குப் போகுது. மழைக்காலம் எழுதின பதினொரு சான்றும் அது போற நாள்லதான் வந்திருக்கு. சலவைக்கடைக்குத் தெரிஞ்ச குறையும், இந்தத் தரைக்கு மட்டும் தெரிஞ்ச குறையும் ஒரே ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் மேல சொல்லணுமா?"

நூலகர் முத்திரையை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"மூணு வருஷம்" என்றார். "நூத்து முப்பது குடை. பதிவேட்டுல எல்லாம் இருக்கு. ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலை. மிக்ஸி சரி பண்ணினவருக்கு எழுதறாங்க, ஏன்னா மறுநாள் காலையில மிக்ஸி வேணும். குடையை வாங்கிட்டுப் போவாங்க, மழை விட்டுடும், குடையையும் மறந்துடுவாங்க, அவரையும் மறந்துடுவாங்க. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தரையில உட்கார்ந்து தச்சுட்டே இருப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்கலை."

"உங்க பேர்லயே எழுதியிருக்கலாமே?" என்றான் மாப்பிள்ளை.

"நிர்வாகி யாருக்கும் சான்று எழுதக் கூடாது. விதி."

"அந்த விதியை எவன் எழுதினது?"

"நான்தான்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"ஒண்ணு எழுதினதும் நிறுத்தணும்னுதான் நினைச்சேன்" என்றார் நூலகர். "எழுதறதுக்குக் குறை வேணுமே. குறை தேடி சலவைக்கடைக்குப் போனேன். அங்க உட்கார்ந்து அவரைப் பத்திக் கேட்கறது பழகிப் போச்சு. அதுக்காகவே அடுத்த சான்று எழுதினேன்." அதைச் சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர் போல, கையில் கிடைத்த ஒரு புத்தகத்துக்கு முத்திரை குத்தினார். அது ஏற்கனவே குத்திய புத்தகம்.

"உங்களால அவர் இன்னிக்குக் கள்ளன் பட்டம் வாங்கப் போறார்" என்றாள் அத்தை. குரலில் இப்போது கனிவு இல்லை. "அவர் என்கிட்ட வந்தவர். யாருன்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேட்கறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியவங்க நீங்க. நாலு மணிக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"சொன்னா என் நிர்வாகம் போயிடும். ஏழு வருஷமா நான் கட்டின குழு இது."

"சொல்லாட்டி அவர் போயிடுவார்" என்றாள் அத்தை. கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

*

நான்கு மணிக்குக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். குடைக்காரர் கடைசி வரிசையில், கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை. அவருக்கு ஒன்பது சான்று இருந்தது, பட்டத்துக்கு ஒன்று குறைந்தது. இருந்த ஆறு மேசையில் ஒன்று குடைக்காரருக்குப் போயிருந்தது. அந்த மனிதருக்குத் தூக்கம் வராமல் போனதில் ஆச்சரியமில்லை.

"ஆளைக் காட்டச் சொன்னோம். துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கார். ஆள் எங்கே?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை நூலகரைப் பார்த்தாள். நூலகர் மேசையில் இருந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனைக்கு மணி கட்டப் போவது யார் என்று தெரியாத கூட்டத்தில் ஒரு நிமிஷம் என்பது மிக நீளம். குடைக்காரரின் தலை குனிந்துகொண்டே போவதைப் பார்த்த மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"ஆள் வர்றதுக்குள்ள ஒரு சின்ன வாசிப்பு. நாற்காலி சாரோட சான்றுகள்லேர்ந்து, குறை மட்டும்." போனைத் தூக்கிப் பிடித்தான். "குறை: ஓய்வு என்பதையே அறியாதவர். குறை: பிறருக்காகத் தன்னையே வருத்திக்கொள்வார். குறை: தன்னடக்கம் சற்று அதிகம்."

பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"இதையெல்லாம் யார் சார் எழுதினது?"

நாற்காலிக்காரரின் கழுத்து சிவந்தது. "முதல்... முதல் சான்று என் மச்சான். ரெண்டாவது தங்கச்சி."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சரி, தன்னடக்கம்?"

"என் மாமியார்."

"மாமியார்!" மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தான். "ஒரு மாமியார், மாப்பிள்ளைக்குத் தன்னடக்கம் அதிகம்னு, ஊர் படிக்க எழுதியிருக்காங்க!" திரும்பி அத்தையை ஏக்கத்தோடு பார்த்தான். அத்தை கூடத்தின் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. நாற்காலிக்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி லேசாக ஆடியது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நூலகர் எழுந்தார்.

"மழைக்காலம் நான்தான்."

சிரிப்பு அப்படியே நின்றது. குடைக்காரர் தலையைத் தூக்கினார்.

"பதினொண்ணையும் நான்தான் எழுதினேன். அவருக்குத் தெரியாது. நிர்வாகி எழுதக் கூடாதுங்கற விதியை மீறினது நான். தப்பு என்னோடது, பழி அவர் மேல விழுந்தது. புகார் வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இன்னியிலேர்ந்து நான் நிர்வாகி இல்லை." கழுத்தில் மாட்டியிருந்த கூடத்துச் சாவியைக் கழற்றிப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

முன்வரிசையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ... அந்தப் பதினொண்ணும் செல்லாதே? மேசை?"

"செல்லாது" என்றார் நூலகர். "விதிப்படி மேசையும் கிடையாது."

குடைக்காரர் தலையை ஆட்டினார், அது சரிதான் என்பதைப் போல. தரையில் தன் பழைய இடமான ஜன்னல் ஓரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையும் அந்த இடத்தைப் பார்த்தான். கள்ளன் இல்லை என்று நிரூபித்தாயிற்று, ஆனால் மனிதர் கையில் இருந்த ஒரே பொருளும் போய்விட்டது. துப்பு துலக்கியதற்கு இதுவா பலன்?

அப்போதுதான் அத்தை முன்னால் போய் நின்றாள். இருபத்தெட்டு வருஷத்துக் குரல் வெளியே வந்தது.

"இந்த அறையில, இவர்கிட்டக் குடை கொடுத்துச் சரி பண்ணிக்கிட்டவங்க கை தூக்குங்க."

அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாத கை இன்னும் பிறக்கவில்லை. ஒன்று, ஐந்து, பதினைந்து என்று எழுந்தன. முப்பதைத் தாண்டியது. கடைசியாக நாற்காலிக்காரரின் கை, பாதி தூரம் வந்து, காதைச் சொறிவதைப் போல நின்றது.

"நல்லாத் தூக்குங்க சார்."

நன்றாகவே தூக்கினார்.

"இதுல அவருக்கு ஒரு வரி எழுதினவங்க மட்டும் கையை இறக்கலாம்."

ஒரு கையும் இறங்கவில்லை. முப்பத்திரண்டு பேரும் தங்கள் கைகளைத் தாங்களே அண்ணாந்து பார்த்தார்கள். இன்றைக்குக் கை தூக்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள், தூக்கியும் விட்டார்கள்.

"வீட்டுப்பாடம் செய்யாத வகுப்பு" என்றாள் அத்தை. "போனை எடுங்க. பத்து நிமிஷம். பாராட்டு உங்க இஷ்டம். குறை உண்மையா இருக்கணும். பக்கத்துல பார்த்து எழுதக் கூடாது."

முப்பத்திரண்டு தலைகள் குனிந்தன. மாப்பிள்ளை வரிசைகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். நாற்காலிக்காரர் ஒரு வரி எழுதிவிட்டு அழித்தார், மறுபடி எழுதினார். "என் குடையை மூணு வாரம் வெச்சிருந்தார்னு குறை போடலாமா?" என்று கிசுகிசுத்தார்.

"உண்மைன்னா போடுங்க சார். ஆனா எழுத்து அழகா இருக்கணும்."

குடைக்காரரின் சட்டைப் பையில் போன் ஒருமுறை மணியடித்தது. இரண்டாவது முறை அடித்தது. பிறகு நிறுத்தாமல் அடிக்க ஆரம்பித்தது. பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. எழுந்து, குனிந்த தலைகளைத் தாண்டி, கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்த நூலகரிடம் போனார். நூலகர் ஏற்கனவே முத்திரை குத்திய புத்தகங்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் நடை தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

"இனிமே நீங்க நிர்வாகி இல்லையா?" என்று கேட்டார் குடைக்காரர்.

"இல்லை."

"அப்போ உங்க பேர்லயே எழுதலாமா?"

"எழுதலாம்."

குடைக்காரர் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எழுத வேணாம்" என்றார். "நேர்லயே சொல்லுங்க. நான் கேட்கறேன்."

ஒளிந்திருந்து பதினொரு சான்று எழுதியவர் அடுக்கிய புத்தகங்களைத் தள்ளி வைத்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்து போய் நின்றார். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை இன்னும் ஒரு அடி நெருங்கினான். சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை. நம்ம வேலை முடிஞ்சது."

"அத்தை, என்ன சொல்றாங்கன்னு மட்டும்... நான் துப்பறியறவன் அத்தை!"

"அதனாலதான் கூப்பிடறேன்."

வாசல் வரைக்கும் அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஆனால் குடைக்காரர் கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, எங்கேயும் போக அவசரமில்லாத மனிதரைப் போல, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.